இருநூற்று எண்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு கிளிப்

அந்தக் கிளிப்பை மட்டும் எடுத்துவிடாதீர்கள் அம்மா. மற்றபடி தாராளமாக வாசியுங்கள். மதுரையில் ஏறினதிலிருந்து நீங்கள் அதையே பார்த்துக்கொண்டு வருகிறீர்கள். புத்தகம் வாசிக்கிறவர்களின் கண் எனக்குத் தெரியும். துணி காயப்போடுகிற கிளிப்பைப் புத்தகத்தில் மாட்டி வைத்திருக்கிற பைத்தியம் யாரென்றுகூடப் பார்த்திருக்கலாம், அதிலும் தப்பில்லை. இருநூற்று எண்பத்தெட்டாம் பக்கம் வரைக்கும் உங்களுடையது. அதற்குமேல் இருபத்துநாலு பக்கம் இருக்கிறது. அதை நானே இன்னும் வாசிக்கவில்லை. வாசித்தால் ஜெபம் கெட்டுவிடும் என்று ஒரு பயம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நான் கரூரில் இறங்க வேண்டும், இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. வாய் சும்மா இருந்தால் எனக்கு ஆகாது. இந்த முறுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்கிறேன்.

என் பெயர் புஷ்பலீலா. பாளையங்கோட்டை. நான் ஒரு புத்தக விமர்சகி. இதை நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொல்வதில்லை. படிப்பு பத்தாவது. அதுவும் கணக்கில் போய், அதோடு நின்றது. இரண்டு பிள்ளைகள். மகள் ஷைனி கோயம்புத்தூரில், மகன் ஆல்வின் கரூரில். வீட்டுக்காரர் மின்சார வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது வீட்டு பல்புகளை மட்டும் மேற்பார்வை பார்க்கிறார்.

எங்கள் சபையில் லெந்து நாட்கள் வந்தால், அதாவது ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள், ஆளுக்கொன்றை விட்டுவிடுவார்கள். ஒருவர் மீன், ஒருவர் காபி, ஒருவர் தலையில் பூ. நான் நாலு வருஷத்துக்கு முன்னால் டிவி சீரியலை விட்டேன். விட்டது சுலபம். விட்ட பிறகு சாயங்காலம் ஏழு மணிக்கு என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. வீட்டுக்காரரின் நூலக அட்டையை எடுத்துக்கொண்டு போய் ஒரு நாவல் எடுத்து வந்தேன். சீரியலில் ஒரு மாமியார் மூன்று வருஷமாகச் செய்கிற கொடுமையை நாவலில் நாலு பக்கத்தில் செய்து முடித்துவிடுகிறார்கள். எனக்குப் பிடித்துப்போனது.

வாசித்ததை ஷைனிக்குப் போன் போட்டுச் சொல்வேன். ஆரம்பத்திலிருந்து, ஆள் ஆளாக. ஒரு வாரம் கேட்டாள். அப்புறம் இணையத்தில் எனக்கென்று ஒரு பக்கம் திறந்து கொடுத்து, "இதுல எழுதும்மா, நான் ஆபீஸ்ல உக்காந்து நிதானமா வாசிக்கேன்" என்றாள். மகளுக்கு என்ன பாசம் என்று அன்றைக்குக் கண் கலங்கினேன். போனில் முக்கால் மணி நேரம் கதை கேட்கிறதிலிருந்து தப்பிக்க அவள் கண்டுபிடித்த வழி அது என்று போன வருஷம்தான் எனக்கு உறைத்தது.

'லெந்துகால வாசிப்பு' என்று பேர் வைத்தோம். ஏழு வாரம், ஏழு நாவல். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு விரலால் தட்டி ஒரு பதிவு. மற்ற விமர்சகர்கள் நட்சத்திரம் போடுவார்களாம். எனக்கு அது சரிப்படவில்லை. அந்த நாவல் வாசிக்கிறபோது அடுப்பில் எத்தனை தடவை பால் பொங்கி வழிந்தது என்று எழுதுவேன். 'மூன்று தடவை பால் பொங்கிய நாவல்' என்றால் கட்டாயம் வாசிக்க வேண்டியது. ஒரு தடவைகூடப் பொங்காத நாவலை நான் யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை. வீட்டுக்காரர் ஒருநாள், "லீலா, அடுத்த வாரத்துக்குக் கொஞ்சம் மட்டமான நாவலாப் பார்த்து எடு. காப்பி குடிச்சு நாலு நாளாச்சு" என்றார்.

எனக்குக் கருத்தெல்லாம் எழுத வராது. கதையில் உள்ளவர்களை நினைத்து வருத்தப்படத்தான் வரும். கொலைக்கதை வாசித்தால் கொலைகாரனின் அம்மாவை நினைத்து இரண்டு பத்தி எழுதுவேன். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: 'இந்தக் குடும்பத்துக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.' ஷைனி, "அம்மா, அது கதை. அச்சாகி இருபது வருஷம் ஆச்சு. இனி ஜெபிச்சு என்ன ஆவப்போவுது?" என்பாள். ஆண்டவருக்கு இருபது வருஷம் என்ன கணக்கு என்று நான் கேட்பேன். அவள் போனை வைத்துவிடுவாள்.

வாசகர்கள் பதினாலு பேர். அதில் ஒன்று ஷைனி. இரண்டு வீட்டுக்காரர், அவர் இரண்டு போனில் திறந்துவிட்டு வாசிக்காமல் மூடிவிடுவார். மற்றவர்களைத் தெரியாது. ஆனால் நி.க. என்று ஒருவர். பேர் அவ்வளவுதான், நி.க. போன வருஷத்திலிருந்து ஒரு பதிவு விடாமல் வாசித்துக் கேள்வி கேட்பவர். யாரோ ரிட்டயர்டு தலைமையாசிரியர் என்று நினைத்து, நான் 'ஐயா' என்று மரியாதையாகவே பதில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு காதல் நாவலுக்கு, 'பெரியவர்கள் சம்மதத்துக்குக் காத்திருக்காமல் இந்தப் பிள்ளைகள் அவசரப்பட்டுவிட்டார்கள்' என்று எழுதினேன். அதற்கு நி.க., 'பெரியவர்கள் பதிலே சொல்லாவிட்டால் என்ன செய்வது அம்மா?' என்று கேட்டார். 'காத்திருக்க வேண்டும் ஐயா' என்றேன். 'எத்தனை மாதம்?' என்றார். தலைமையாசிரியர் இல்லையா, எல்லாவற்றுக்கும் ஒரு கால அட்டவணை வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் லெந்தின் இரண்டாவது வாரத்துக்கு எடுத்தது, உங்கள் மடியில் இருக்கிற அது. ராசம்மாள் என்று ஒரு தாய். வரிசை வீட்டில் ஒன்பதாம் நம்பர். மகன் தனுஷ்கோடி ஒருநாள் மனஸ்தாபத்தில் வடக்கே எங்கேயோ போய்விடுகிறான். அந்தம்மா பதினோரு வருஷம் கதவுக்குத் தாழ்ப்பாள் போடாமல் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான் கதை. பால் ஐந்து தடவை பொங்கியது. ஒரு பாத்திரம் போயே போய்விட்டது.

நான் ஒரு நோட்டுதான் வைத்திருக்கிறேன். முன்பக்கத்திலிருந்து ஜெபக் குறிப்பு: யாருக்குச் சுகமில்லை, யாருக்குப் பரீட்சை, யாருக்கு வரன். பின்பக்கத்திலிருந்து கதைக் குறிப்பு: யார் யாருக்கு என்ன முறை, யார் எங்கே போனது. இல்லாவிட்டால் எனக்கு ஆட்கள் குழம்பிப்போவார்கள். இரண்டு நோட்டு வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.

சனிக்கிழமைதோறும் எங்கள் பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் உபவாச ஜெபம். மத்தியானம் வரைக்கும் ஒன்றும் சாப்பிடாமல் இருந்துவிட்டு, முடிந்ததும் கஞ்சி. கஞ்சி என் பொறுப்பு. செயலாளர் புளோரா டீச்சர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவர்கள். அறுபது பெண்களையும் இன்றைக்கும் விசிலில்லாமல் வரிசையில் நிறுத்துவார்கள். அன்றைக்கு நான் துவையலுக்குத் தேங்காய் திருகிக்கொண்டிருக்கிறேன். டீச்சர் வந்து, "ஏளா லீலா, ஜெபக் குறிப்பு எங்க?" என்று கேட்டார்கள். கையெல்லாம் தேங்காய். "பைக்குள்ள நோட்டு இருக்கு, எடுத்துக்கோங்க டீச்சர்" என்றேன்.

டீச்சர் நோட்டைப் பின்பக்கத்திலிருந்து திறந்துவிட்டார்கள்.

அடுக்களைக்குள் இருந்தபடியே கேட்கிறேன். "சகோதரிகளே, அடுத்ததா ராசம்மாள்னு ஒரு தாய். மகன் தனுஷ்கோடி வீட்டை விட்டுப் போயிட்டான். ராத்திரி பகலா வாசல்லயே உக்காந்திருக்காவ. அவன் மனசு மாறித் திரும்பி வரணும்." தேங்காய்மூடி கையிலிருந்து விழுந்தது. கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து பார்க்கிறேன், அறுபது பேரும் முழங்காலில் இருக்கிறார்கள். கிருபை அக்கா, அவர்கள் மகன் மஸ்கட்டில், தேம்பித் தேம்பி அழுகிறார்கள். முழங்காலில் நிற்கிற அறுபது பேரிடம் போய், அது அச்சடித்த பொம்பளை என்று எப்படிச் சொல்வது? அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் முழங்கால் போட்டேன். எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னேன்.

அப்புறம் ஒரு ஆறுதலாகவும் இருந்தது, மறைப்பானேன். மகன் வர வேண்டும், மகன் வர வேண்டும் என்று அறுபது வாய் சேர்ந்து சொல்கிறபோது.

முன்பக்கத்தில் ஆல்வின் பேர் இருந்ததா என்று கேட்காதீர்கள். இல்லை. எழுதினால் டீச்சர் வாசித்துவிடுவார்கள். அவனை நான் மனதுக்குள் வைத்திருந்தேன்.

அன்றைக்குத்தான் வீட்டுக்குப் போய் இந்தக் கிளிப்பை மாட்டினேன். கடைசி அத்தியாயம் பாக்கி. ஒரு சபையே அவனுக்காக ஜெபிக்கும்போது முடிவைத் திருப்பிப் பார்ப்பது அவிசுவாசம் இல்லையா? வீட்டுக்காரர், "முடிவு அச்சாகி இருக்கு லீலா, நீ கிளிப்பு போட்டா எழுத்து மாறவா செய்யும்" என்றார். அவருக்கு விசுவாசம் கொஞ்சம் குறைச்சல். முடிவைத் தொடாமலே பதிவு எழுதினேன். 'முடிவை வாசகர்களே கண்டுகொள்ளட்டும்' என்று பெரிய விமர்சகி மாதிரி ஒரு வரி. மகனைத்தான் திட்டினேன். கல் மனசுக்காரன் என்று எழுதினேன். நி.க. ஐயா உடனே கேட்டார்: 'ராசம்மாள் பதினோரு வருஷம் கதவைத் திறந்து வைத்திருந்தார், சரி. ஒரு தடவையாவது வாசலைத் தாண்டினாரா அம்மா?' எனக்குக் கோபம் வந்துவிட்டது. 'ஐயா, ஒரு தாயின் மனது உங்களுக்குத் தெரியாது' என்று எழுதிவிட்டு அன்றைக்குப் போனையே தொடவில்லை.

அடுத்த சனிக்கிழமை, அதற்கு அடுத்த சனிக்கிழமை, ராசம்மாள்தான் முதல் குறிப்பு. கிருபை அக்கா ராசம்மாளுக்கென்று தனியாக வியாழக்கிழமையும் உபவாசம் இருக்கிறார்கள். இன்னொருத்தி, "ராசம்மாக்கா சாப்புட்டாவளா என்னவோ" என்று கஞ்சித் தட்டை வைத்துக்கொண்டு பெருமூச்சு விடுகிறாள். நான் அவள் தட்டில் இன்னொரு கரண்டி கஞ்சி ஊற்றினேன்.

நாலாவது வாரம் டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ராசம்மா எந்தத் தெரு?"

"நம்ம ஊர் இல்ல டீச்சர். தூரம்."

"மகன் எங்க இருக்கானாம்?"

வடக்கே என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது. வடக்கே என்றால் என் வாயில் ஒரே ஒரு ஊர்தான் வரும். "கரூர்ல" என்றேன்.

"அட, கரூர்ல எங்க மதினி இருக்கா. அங்க சங்கத்துல அவதான் எல்லாம். அட்ரஸ் குடு, மூணு பேரை அனுப்பி அந்தப் பயலை உக்கார வச்சுப் பேசச் சொல்லுதேன்."

"அட்ரஸ் தெரியாது டீச்சர்."

"நாலு வாரமா அவனுக்காக ஜெபிக்கோம், அட்ரஸ் தெரியாதுங்க. கேட்டு நாளைக்குக் கொண்டா."

எனக்குக் கரூரில் தெரிந்தது ஒரே விலாசம். நான் ஒரு தடவைகூடப் போகாத விலாசம். போன கிறிஸ்துமஸுக்கு ஆல்வின் இரண்டு படுக்கை விரிப்பு அனுப்பியிருந்தான். அவன் அங்கே விரிப்பு ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் இருக்கிறான். பார்சல் மேல் எழுதியிருந்த 'அனுப்புநர்' துண்டை வெட்டி, பைபிளில் சங்கீதத்துக்கு நடுவே வைத்திருந்தேன். விரிப்பைப் பிரிக்கவில்லை. அலமாரியில் அப்படியே இருந்தது.

மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்தத் துண்டைப் பார்த்து எழுதி டீச்சர் கையில் கொடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை. சும்மா ஒரு பொய் விலாசம் எழுதியிருக்கலாம். எனக்குப் பொய் சொல்ல வராது அம்மா.

ஆல்வினுக்கும் எனக்கும் என்ன என்று கேட்கிறீர்கள், உங்கள் முகத்தில் தெரிகிறது. சண்டையா? ஒரு சண்டையும் இல்லை. நான் அவனை ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஒரு பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். பேர் நித்யகலா. கரூர்ப் பிள்ளை, அதே கம்பெனி. நம் சபைப் பிள்ளை இல்லை, கோயிலுக்குப் போகிற பிள்ளை. நல்ல அமைதி. இரண்டு இடியாப்பம் சாப்பிட்டது. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தது. "அம்மா, கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். நீ என்ன சொல்லுத?" என்று ஆல்வின் கேட்டான். நான், "ஜெபம் பண்ணிட்டுச் சொல்லுதேன்பா" என்றேன். வேண்டாம் என்று சொன்னேனா? சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, அது வேறு.

வாராவாரம் போன் பண்ணுவான். "அம்மா, என்ன?" "ஜெபம் பண்ணிட்டு இருக்கேன்பா." எட்டு மாசம். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டான். அப்புறம் போனையும். கல்யாணத்தை ரிஜிஸ்தர் ஆபீசில் வைத்து முடித்துக்கொண்டான் என்று பிறகுதான் ஷைனி சொன்னாள். கல்யாணத்தன்றைக்கு வீட்டுக்காரர் ஷைனி வீட்டுக்கு ஒரு எட்டுப் போய்விட்டு வருகிறேன் என்று போயிருந்தார். மகள் வீட்டுக்குப் போகப் பட்டு வேட்டி எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

நான் விமர்சகி இல்லையா. கதையில் என்றால் முதல் அத்தியாயத்திலேயே கண்டுபிடித்திருப்பேன்.

இப்போது குருத்தோலை ஞாயிறுக்கு வருகிறேன். போன ஞாயிறு. கரூர்ச் சங்கத்துப் பெண்கள் மூன்று பேர் கையில் குருத்தோலைச் சிலுவையோடு அந்த விலாசத்தில் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார்கள். நித்யகலாதான் திறந்தது. "தனுஷ்கோடி தம்பி இருக்காருங்களா? அவங்கம்மா ராசம்மாளுக்காகப் பாளையங்கோட்டையில ஒரு சபையே ஜெபிக்குதுங்க" என்றிருக்கிறார்கள். வேறு பிள்ளையாக இருந்தால், வீடு மாறி வந்துவிட்டீர்கள் என்று அனுப்பியிருக்கும். இது ஒரு நிமிஷம் அவர்களைப் பார்த்துவிட்டு, "வாங்க, உள்ள வாங்க" என்று கூப்பிட்டு, டீ போட்டுக் கொடுத்து, கூட உட்கார்ந்திருக்கிறது. ஆல்வின் அப்போதுதான் குளித்துவிட்டுக் கைலியும் துண்டுமாக வெளியே வருகிறான். மூன்று பேரும் எழுந்து அவன் ஈரத்தலையில் கையை வைத்துவிட்டார்கள். "ஆண்டவரே, இந்தத் தனுஷ்கோடி..." என்று ஆரம்பிக்கவும் அவன், "யாருங்க தனுஷ்கோடி?" என்றிருக்கிறான். நித்யகலா பக்கத்தில் நின்று, "பேசாம கண்ணை மூடுங்க" என்றதாம்.

இதெல்லாம் எனக்கு நேற்றுத்தான் தெரியும். அதற்கு முந்தின நாள், பெரிய வியாழன் சாயங்காலம், சங்கத்தில் டீச்சர் மைக்கைப் பிடித்தார்கள். நான் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

"சகோதரிகளே, ஜெபம் கேக்கப்பட்டது. நம்ம ராசம்மாள் மகனைக் கரூர்ல கண்டுபிடிச்சாச்சு. பையன் கண்கலங்கிட்டானாம். பொண்டாட்டி தங்கமான பிள்ளையாம், ஒரு வார்த்தை குறை சொல்லலையாம். இன்னொரு சந்தோஷமும் இருக்கு. அந்தப் பிள்ளைக்கு இது ஏழாம் மாசம். ராசம்மாள் பாட்டியாவப் போறா."

அறுபது பேரும் கைதட்டினார்கள். அல்லேலூயா என்றார்கள். ராசம்மாளுக்குப் பேரப்பிள்ளை, ராசம்மாளுக்குப் பேரப்பிள்ளை என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டார்கள். நானும் கைதட்டினேன். தட்டிக்கொண்டே இருந்தேன், எல்லோரும் நிறுத்தின பிறகும். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, துடைக்கக் கை ஒழியவில்லை. கிருபை அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "யாரோ ஒருத்திக்காக இப்படி அழுதியே லீலா. உன் மனசு யாருக்கு வரும்" என்றார்கள்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம், "ஆல்வின் பொண்டாட்டி உண்டாயிருக்காளாமே" என்றேன். தினத்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "ஆமா, ஏழு மாசம்" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். வாரத்துக்கு ரெண்டு தடவை பேசுதேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கல. கேட்டாச் சொல்லலாம்னு இருந்தேன்."

ஷைனியும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எல்லோரும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். நான் ஒருத்திதான் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

நேற்று பெரிய வெள்ளி. மும்மணி ஆராதனை, அந்த மூன்று மணி நேரமும் முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுகிறேன், போன் அடிக்கிறது. புது நம்பர்.

"அத்தை, நான் நித்யகலா பேசறேனுங்க."

அதுவே பேசியது. மூன்று பேர் வந்தது, டீ போட்டது, ஈரத்தலை, எல்லாம் சொன்னது. சொல்லும்போது நடுநடுவே அதற்குச் சிரிப்பு வருகிறது. "ராசம்மாள்னு சொன்னதுமே புரிஞ்சு போச்சுங்க அத்தை. உங்க பதிவுதான் வாராவாரம் வாசிக்கிறனே" என்றது.

"நீ வாசிக்கியா?"

"நாந்தானுங்க நி.க."

ஒரு வருஷமாக ஐயா, ஐயா என்று எழுதியிருக்கிறேன். ஒரு தடவை, 'இந்த வயதில் கண்ணாடி மாற்றிக்கொள்ளுங்கள் ஐயா' என்று ஆலோசனைகூடச் சொல்லியிருக்கிறேன்.

"அத்தை, அந்த நாவல்ல கடைசி அத்தியாயம் நீங்க படிக்கலை, இல்லீங்களா?"

"இல்ல மக்ளே."

"நெனச்சேன். படிச்சிருந்தா அவனைக் கல் மனசுன்னு எழுதியிருக்க மாட்டீங்க." அப்புறம் மெதுவாக, "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்னு அவர்கிட்டச் சொன்னீங்களாமே அத்தை" என்றது.

"ஆமா. பண்ணிட்டுத்தான் இருக்கேன்."

"முடிஞ்சுதுங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை அம்மா. சோறு வெந்துவிட்டதா என்று கேட்கிற மாதிரி கேட்டது. "நாளைக்கு ஈரோட்டு ரயில் எத்தனை மணிக்குக் கரூர் வரும்னு தெரியுமா?" என்றேன். "தெரியாதுங்க, நாங்க வந்து நிக்கறோம்" என்றது. நாங்க என்றது. கவனித்தீர்களா, நாங்க.

முப்பது வருஷமாக ஈஸ்டர் அதிகாலை ஆராதனை நான் தவறினதில்லை. நாளைக்குத் தவறப்போகிறேன். காலையில் புளோரா டீச்சருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். முழுக்கக் கேட்டார்கள். அப்புறம், "அஞ்சு சனிக்கிழமை பட்டினி கெடந்தேன் லீலா, ஒரு கதைப் புஸ்தகத்துப் பொம்பளைக்காக" என்றார்கள். மன்னித்துக்கொள்ளுங்கள் டீச்சர் என்றேன். "அட்ரஸ் யாருது?" என்றார்கள். சொன்னேன். "எழவு, இதை மொத வாரமே சொல்லியிருந்தா மொத வாரமே ஆள் அனுப்பியிருப்பேனே. கிருபைகிட்ட நீயே சொல்லிக்கோ, எனக்குப் பயமா இருக்கு" என்று வைத்துவிட்டார்கள். கிருபை அக்காவிடம் திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும். அந்த வியாழக்கிழமை உபவாசங்களை எப்படித் திருப்பிக் கொடுக்கப்போகிறேன் என்றுதான் தெரியவில்லை.

வீட்டுக்காரரை நீங்களும் வாருங்கள் என்று கூப்பிட்டேன். "நான் பதில் சொல்லி முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. இது உன் பாக்கி" என்று ரயிலேற்றிவிட்டார். பெட்டியைக் கட்டும்போது பார்க்கிறேன், அந்த விரிப்புகளில் ஒன்றைப் பிரித்துக் கட்டிலில் போட்டிருக்கிறார். நீலத்தில் சின்னச் சின்ன மீன். நன்றாகத்தான் இருக்கிறது. அந்த வீட்டுக்கு நான் என்ன கொண்டுபோவது என்று தெரியாமல் முறுக்கு சுட்டேன். அதில் பாதியை நீங்களும் நானும் தின்றுவிட்டோம்.

இந்த வருஷம் ஏழாவது பதிவு இன்னும் எழுதவில்லை. நாளைக்கு எழுத வேண்டும். பதினாலு பேர் காத்துக்கொண்டிருப்பார்கள். இல்லை, பதிமூன்று. நி.க.வுக்கு நேரிலேயே சொல்லிவிடலாம்.

அது என்ன, ஆற்றுப்பாலமா? அமராவதியா? அப்படியென்றால் கரூர் வந்துவிட்டது. என் செருப்பு ஒன்று இருக்கையின் அடியில் போய்விட்டது பாருங்கள், கொஞ்சம் காலை எடுங்கள். புத்தகத்தைக் கொடுங்கள், நூலகத்துப் புத்தகம்.

நீங்கள் கிளிப்பை எடுத்துவிட்டீர்கள்.

பரவாயில்லை, பரவாயில்லை. நான் பேசிக்கொண்டே வந்தால் நீங்களும் என்ன செய்வீர்கள். முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள், ஒன்றும் சொல்லவும் வேண்டாம். உங்களைப் பார்த்தாலே தெரிகிறது. வரவில்லை, இல்லையா? வரவே இல்லை. அவனும் அம்மா வருவாள் என்று எங்கேயோ ஒரு வாசலில் உட்கார்ந்திருந்தானா? தலையாட்டுகிறீர்கள். நினைத்தேன். ஐந்து சனிக்கிழமை, அறுபது பேர், அந்த எழுத்தாளர் அசையவில்லை. ஊருக்குத் திரும்பினதும் அவர் பேருக்கு ஒரு ஜெபக் குறிப்பு எழுதிப் போடுகிறேன். முன்பக்கத்திலேயே.

அதோ, தண்ணீர்க் குழாய் பக்கத்தில் பச்சைச் சேலை, வயிறு தெரிகிறது. நித்யகலாதான். கண்ணாடி போட்டிருக்கிறது பாருங்கள், தலைமையாசிரியர் மாதிரியே. பக்கத்தில் நிற்கிறவன்... எப்படி இளைத்துவிட்டான். பையைக் கொஞ்சம் பிடியுங்கள் அம்மா, செருப்பை மாட்டிக்கொள்கிறேன். இவ்வளவு நேரம் இருந்தது, அவனிடம் என்ன சொல்வது என்று ஒரு வார்த்தை யோசித்து வைத்தேனா? வழியெல்லாம் உங்களிடம் கதை பேசிக்கொண்டு வந்துவிட்டேன். இறங்கினதும் அவன், 'என்னம்மா?' என்பான். பழக்கதோஷத்தில், ஜெபம் பண்ணிட்டுச் சொல்லுதேன் என்று மட்டும் என் வாயில் வந்துவிடக் கூடாது. வண்டி இங்கே இரண்டு நிமிஷம் நிற்கும். உங்களுக்குச் சிரமமில்லை என்றால், அதற்காக மட்டும் நீங்கள் ஒரு ஜெபம் பண்ணிக்கொள்ளுங்கள்.